மாவோவின் கலாச்சாரப் புரட்சி: ஒரு நாடு தன்னைத்தானே களையெடுத்தது எப்படி?

சீனாவில் 1966 முதல் 1976 வரை நடந்த கலாச்சாரப் புரட்சியைப் பற்றித் தமிழில் பேச்செடுத்தால் இரண்டு பதில்களில் ஒன்று உடனே வந்துவிடும். ‘மாவோவுக்குக் கிறுக்குப் பிடித்தது, சிவப்புப் புத்தகம் ஏந்திய பிள்ளைகள் கோடிக்கணக்கானவர்களைக் கொன்றார்கள்’ என்பது ஒன்று. ‘அதிகாரிகளுக்கும் பழமைக்கும் எதிராக மக்களே எழுந்தார்கள், மற்றதெல்லாம் மேற்கத்தியப் பிரச்சாரம்’ என்பது மற்றொன்று. முதல் பதில் வேறொரு பேரழிவின் சாவுக் கணக்கை இதன் தலையில் கட்டுகிறது. இரண்டாவது பதில் செத்தவர்களையே மறந்துவிடுகிறது.

நமக்கு இது தொலைதூரத்துக் கதையும் இல்லை. பீக்கிங் வானொலி 1963-லிருந்தே தமிழில் ஒலிபரப்பியது. 1967-இல் நக்சல்பாரி எழுச்சியைச் சீனக் கட்சியின் நாளிதழ் வசந்தத்தின் இடிமுழக்கம் என்று வரவேற்றது. இலங்கையில் சீனச் சார்புக் கம்யூனிஸ்ட் கட்சிக்குத் தலைமை தாங்கிய நா. சண்முகதாசன் கலாச்சாரப் புரட்சியை வெளிப்படையாக ஆதரித்தவர். அன்றைக்கு இங்கே பலர் அதை நம்பிக்கையோடு பார்த்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த செய்தியெல்லாம் பெய்ஜிங் அனுப்பிய செய்திதான். இன்றைக்கு நமக்கு ஆவணங்கள் இருக்கின்றன. அவற்றைப் பார்த்தும் அதே இரண்டு பதில்களைச் சொல்லிக்கொண்டிருக்க நியாயமில்லை.

இந்தக் கட்டுரை அந்தப் பத்து ஆண்டுகளின் முழு வரலாறு இல்லை. ஒரு களையெடுப்பு எப்படி இயங்குகிறது, எதனால் அது நிற்காமல் ஓடுகிறது என்பதை மட்டும் விளக்க முயல்கிறது. களையெடுப்பு என்று நான் சொல்வது, கட்சியோ அரசோ தனக்குள்ளேயே ‘எதிரிகள்’ இருப்பதாக அறிவித்து, அவர்களைக் கண்டுபிடித்து நீக்கும் நடவடிக்கையை.

போர்டில் பெயர் எழுதுவது

ஆசிரியர் வெளியே போகும்போது கிளாஸ் லீடரைக் கூப்பிட்டு, ‘யார் பேசினாலும் போர்டுல பேர் எழுதி வை’ என்று சொல்லிவிட்டுப் போவார். நாம் எல்லோரும் பார்த்ததுதான். லீடருக்குப் பிடிக்காதவன் பெயர் முதலில் ஏறும், நண்பன் பெயர் ஏறவே ஏறாது. ஆசிரியர் வந்து இரண்டு அடி போடுவார், அதோடு முடிந்துவிடும்.

இப்போது விதிகளை மாற்றிப் பாருங்கள். போர்டு காலியாக இருந்தால் லீடருக்கே அடி. பெயர் ஏறியவன் இன்னொருவனைக் காட்டிக்கொடுத்தால் அவனுக்குத் தண்டனை குறையும். பேசுவது என்றால் என்னவென்று யாரும் சொல்லமாட்டார்கள். நேற்று சிரித்தது இன்றைக்குப் பேச்சாகிவிடலாம். அண்ணன் பெயர் என்றோ ஏறியிருந்தால் தம்பி பெயர் பள்ளியில் சேரும் நாளிலேயே போர்டில் இருக்கும். இதற்கெல்லாம் மேலே, தலைமை ஆசிரியர் ஒருநாள் மைக்கைப் பிடித்து, ‘உங்கள் ஆசிரியர்களிலேயே பேசுகிறவர்கள் ஒளிந்திருக்கிறார்கள், நீங்களே கண்டுபிடியுங்கள், யாரும் உங்களைத் தடுக்க மாட்டார்கள்’ என்று அறிவிக்கிறார்.

அந்த வகுப்பில் கொடூரமான பிள்ளை ஒன்றுகூட இருக்க வேண்டியதில்லை. பயம் மட்டும் இருந்தால் போதும், போர்டு நிரம்பிக்கொண்டே இருக்கும். இந்த விதிகள் ஒவ்வொன்றும் சீனாவில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் அங்கே ஒரு பெயரும் ஓர் அலுவலகமும் இருந்தன.

மாவோ ஏன் தன் கட்சியையே குறிவைத்தார்?

இங்கேதான் இரண்டு பேரழிவுகள் ஒன்றோடொன்று குழம்புகின்றன. 1958-இல் மாவோ ‘மாபெரும் முன்னோக்கிய பாய்ச்சல்’ என்ற திட்டத்தைத் தொடங்கினார். கிராமங்கள், நிலமும் உழைப்பும் பொதுவாக்கப்பட்ட பெரிய கம்யூன்களாக இணைக்கப்பட்டன. வீட்டுப் பாத்திரங்களைக்கூடக் கொல்லைப்புற உலைகளில் உருக்கி இரும்பு செய்தார்கள். விளையாத நெல்லை விளைந்ததாக அதிகாரிகள் கணக்கு எழுத, அந்தப் பொய்க் கணக்கின்படி அரசு தானியத்தை எடுத்துக்கொண்டது. அதைத் தொடர்ந்த பஞ்சத்தில் இறந்தவர்கள் ஒன்றரைக் கோடி முதல் நாலரைக் கோடி வரை என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். கோடிக்கணக்கில் சாவு என்றால் அது இந்தப் பஞ்சம். கலாச்சாரப் புரட்சி இதற்குப் பிறகு வந்தது. அதன் வேர் மட்டும் இதில் இருக்கிறது.

1959-இல் லூஷான் மலையில் நடந்த கூட்டத்தில் பாதுகாப்பு அமைச்சர் பெங் தெஹுவாய் இந்தத் திட்டத்தைக் குறைகூறி மாவோவுக்கு ஒரு கடிதம் எழுதினார். பதவி போயிற்று. 1962 ஜனவரியில் ஏழாயிரம் நிர்வாகிகள் கூடிய மாநாட்டில், நாட்டின் தலைவராக இருந்த லியூ ஷாவோச்சி, ஹுனான் விவசாயிகள் சொன்னதாக ஒரு கணக்கைச் சொன்னார்: பஞ்சத்துக்கு மூன்று பங்கு இயற்கை காரணம், ஏழு பங்கு மனிதர்கள் காரணம். மாவோ அங்கே தன்மீதும் பொறுப்பு உண்டென்று சொல்ல வேண்டியதாயிற்று. அதன்பின் அன்றாட நிர்வாகம் லியூவின் கையிலும் டெங் சியாவோபிங்கின் கையிலும் இருந்தது.

வெளியிலிருந்தும் ஓர் அச்சம் வந்தது. 1956-இல் குருஷ்சேவ், இறந்துபோன ஸ்டாலினை மாஸ்கோவில் அம்பலப்படுத்தினார். தான் செத்த பிறகு தன் கட்சியிலிருந்தும் ஒரு குருஷ்சேவ் கிளம்புவான் என்று மாவோ நம்பினார். புரட்சியின் பாதையிலிருந்து நழுவி முதலாளித்துவத்தின் பக்கம் சாய்கிறவரைக் கம்யூனிஸ்டுகள் திரிபுவாதி என்பார்கள். சோவியத் ஒன்றியம் திரிபுவாதத்தில் விழுந்துவிட்டது, சீனாவும் விழப்போகிறது, எதிரி கட்சிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறான் என்பது மாவோவின் முடிவு.

சுருக்கமாகச் சொன்னால், பஞ்சத்தால் மாவோவின் பெயருக்குக் களங்கம் வந்தது; அதைச் சொல்லத் துணிந்தவர்கள் கட்சியின் உச்சியில் இருந்தார்கள். அவர்களைத் திரிபுவாதிகள் என்று மாவோ கருதினார்.

கருவிகள் முன்பே தயாராக இருந்தன

1966-இல் எல்லாம் திடீரென வெடித்ததாகச் சொல்வது தவறு. 1942-இல், கட்சி யெனான் மலைப்பகுதியில் இருந்த காலத்திலேயே, ‘சீர்திருத்த இயக்கம்’ என்ற பெயரில் ஒரு முறை உருவாகிவிட்டது. ஒவ்வொரு உறுப்பினரும் தன் வாழ்க்கை வரலாற்றையும் மனதில் எழுந்த தவறான எண்ணங்களையும் எழுதிக் கொடுக்க வேண்டும். இதற்குச் சுயவிமர்சனம் என்று பெயர். முதல்முறை எழுதியது ஏற்கப்படாது. திரும்பத் திரும்ப எழுதவைப்பார்கள். எழுதும்போது மற்றவர்கள் பெயரும் வரும். யெனானில் தலைவர்களின் சலுகைகளைக் கண்டித்து எழுதிய வாங் ஷிவெய் என்ற எழுத்தாளர் சிறையில் அடைக்கப்பட்டு 1947-இல் கொல்லப்பட்டார்.

ஆட்சிக்கு வந்ததும் இரண்டு கருவிகள் நாடு முழுக்கப் பரவின. ஒன்று வர்க்க முத்திரை. 1950-களின் தொடக்கத்தில் நிலச் சீர்திருத்தம் நடந்தபோது ஒவ்வொரு குடும்பத்துக்கும் நிலப்பிரபு, பணக்கார விவசாயி, ஏழை விவசாயி என்று ஒரு வகை எழுதப்பட்டது. நிலம் பறிபோன பிறகும் முத்திரை போகவில்லை. தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு, பிள்ளையிடமிருந்து பேரனுக்கு இறங்கியது. நிலப்பிரபு, பணக்கார விவசாயி, எதிர்ப்புரட்சியாளர், ‘தீயவர்’, வலதுசாரி ஆகிய ஐந்தும் கறுப்பு வகைகள். தொழிலாளி, ஏழை விவசாயி, புரட்சி வீரர் போன்றவர்களின் பிள்ளைகள் சிவப்பு.

இன்னொன்று தனிக்கோப்பு. பள்ளி, தொழிற்சாலை, அலுவலகம் என்று நகரத்தில் வேலை பார்க்கும் ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு கோப்பு பராமரிக்கப்பட்டது. குடும்பப் பின்னணி, சுயவிமர்சனங்கள், மற்றவர்கள் கொடுத்த புகார்கள் எல்லாம் அதில் இருக்கும். அதற்குரியவர் அதைப் பார்க்க முடியாது. வேலை மாறினால் கோப்பு அவருக்கு முன்னால் போய்விடும்.

இந்தக் கருவிகளின் வீச்சு 1957-இல் தெரிந்தது. கட்சியைத் தாராளமாக விமர்சியுங்கள் என்று அழைத்துவிட்டு, விமர்சித்தவர்களில் சுமார் ஐந்தரை லட்சம் பேருக்கு ‘வலதுசாரி’ முத்திரை குத்தினார்கள். பேராசிரியர்கள், பத்திரிகையாளர்கள், பொறியாளர்கள் முகாம்களுக்குப் போனார்கள். அப்போது அந்தப் பட்டியல் தயாரிப்பை முன்னின்று நடத்தியவர் டெங் சியாவோபிங். ஒன்பது ஆண்டுகளில் அவர் பெயரே போர்டில் ஏறியது.

1966: அனுமதி மேலிருந்து இறங்குகிறது

தொடக்கம் ஒரு நாடக விமர்சனம். 1965 நவம்பரில் ஷாங்காய் நாளிதழ் ஒன்றில் யாவ் வென்யுவான் எழுதிய கட்டுரை, பெய்ஜிங் துணை மேயரும் வரலாற்றாசிரியருமான வூ ஹானின் நாடகத்தைத் தாக்கியது. மிங் பேரரசரிடம் உண்மை பேசிய ஹாய் ருயி என்ற அதிகாரியின் கதை அது. அந்த அதிகாரியின் வடிவில் பெங் தெஹுவாயை நியாயப்படுத்துகிறார் என்பது குற்றச்சாட்டு. அந்தக் கட்டுரையைத் தயாரிக்க ஏற்பாடு செய்தவர் மாவோவின் மனைவி ஜியாங் சிங். ஹாய் ருயியைப் போலத் துணிந்து பேசுங்கள் என்று 1959-இல் சொன்னவர் மாவோதான். அவர் சொன்ன பிறகுதான் வூ ஹான் எழுதத் தொடங்கினார். அவர் 1969-இல் சிறையில் இறந்தார்.

1966 மே 16 அன்று கட்சித் தலைமையின் சுற்றறிக்கை வந்தது. கட்சிக்குள்ளும் அரசுக்குள்ளும் ராணுவத்துக்குள்ளும் முதலாளி வர்க்கத்தின் பிரதிநிதிகள் நுழைந்துவிட்டார்கள், குருஷ்சேவைப் போன்றவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள் என்றது அது. யார் என்று பெயர் சொல்லவில்லை. களையெடுப்புக்கு இதைவிட வசதியான அறிவிப்பு இருக்க முடியாது. எதிரி இருக்கிறான் என்பது உறுதி, யார் என்பது திறந்த கேள்வி. நாட்டின் ஒவ்வொரு அலுவலகமும் அந்தக் கேள்விக்குத் தன் பங்குக்கு ஒரு பதிலைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

மே 25 அன்று பெய்ஜிங் பல்கலைக்கழகத்தில் நிர்வாகத்தைத் தாக்கி ஒரு பெரிய எழுத்துச் சுவரொட்டி ஒட்டப்பட்டது. மாவோ அதை வானொலியில் வாசிக்கச் சொன்னார். மாணவர்களுக்கு அது போதுமான சைகையாக இருந்தது. மே மாத இறுதியில் சிங்குவா பல்கலைக்கழகத்தின் பள்ளியில் பிள்ளைகள் செங்காவலர் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஆகஸ்ட் 5-இல் மாவோ தன் கையாலேயே ‘தலைமையகத்தின் மீது குண்டு வீசுங்கள்’ என்று ஒரு சுவரொட்டி எழுதினார். ஆகஸ்ட் 18-இல் தியானன்மென் சதுக்கத்தில் சுமார் பத்து லட்சம் செங்காவலர்களைச் சந்தித்தார். நவம்பருக்குள் இப்படி எட்டுப் பேரணிகள் நடந்தன. ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். ரயில் பயணம் அவர்களுக்கு இலவசம்.

ஆகஸ்ட் 8-இல் கட்சி வெளியிட்ட பதினாறு அம்ச முடிவில் ‘பலத்தால் அல்ல, வாதத்தால் பேசுங்கள்’ என்றும் ஒரு வரி இருந்தது. மாவோ வன்முறையை விரும்பவில்லை என்று வாதாடுகிறவர்கள் இந்த வரியை எடுத்துக் காட்டுவார்கள். ஆனால் ஆகஸ்ட் 22-இல் இன்னொரு உத்தரவும் வந்தது: மாணவர் இயக்கத்தை அடக்கப் போலீசைப் பயன்படுத்தக் கூடாது. போலீஸ் அமைச்சர் ஸியே ஃபூஷி, கறுப்பு வகைக் குடும்பங்கள் எங்கே இருக்கின்றன என்ற தகவலைச் செங்காவலர்களுக்குக் கொடுத்து உதவுமாறு தன் ஆட்களிடம் சொன்னார். எந்தக் காகிதம் நடைமுறையில் செல்லுபடியானது என்பதைப் பெய்ஜிங் தெருக்கள் காட்டின.

ஒரு பள்ளிக்கூடம்

பெய்ஜிங் நார்மல் பல்கலைக்கழகத்தோடு இணைந்த பெண்கள் பள்ளி, தலைநகரின் பேர்பெற்ற பள்ளிகளில் ஒன்று. லியூ ஷாவோச்சி, டெங் சியாவோபிங் போன்ற தலைவர்களின் மகள்கள் அங்கே படித்தார்கள். பள்ளியின் துணை முதல்வர் பியான் ஜோங்யுன், ஐம்பது வயதுப் பெண்மணி, நான்கு பிள்ளைகளின் தாய், 1941 முதல் கட்சி உறுப்பினர்.

அவர்மீது சுமத்தப்பட்ட குற்றங்களில் ஒன்றைப் பாருங்கள். அந்த ஆண்டு மார்ச் மாதம் பெய்ஜிங்குக்குத் தெற்கே ஷிங்தாயில் நிலநடுக்கம். மறுபடி நிலம் அதிர்ந்தால் வகுப்பறையை விட்டு உடனே வெளியே ஓடுங்கள் என்று அவர் மாணவிகளுக்குச் சொன்னார். சுவரில் இருக்கும் தலைவர் மாவோவின் படத்தையும் எடுத்துக்கொண்டு ஓட வேண்டுமா என்று ஒரு மாணவி கேட்டாள். அதற்கு அவர் நேரடியாகப் பதில் சொல்லாமல், சீக்கிரம் வெளியேறுங்கள் என்றார். பிள்ளைகளின் உயிரைப் பற்றி யோசித்த ஓர் ஆசிரியையின் இயல்பான பதில் அது. ஜூன் மாதம் அது தலைவருக்கு எதிரான குற்றமாயிற்று.

ஆகஸ்ட் 5 பிற்பகல், மாணவிகள் பள்ளி நிர்வாகிகள் ஐந்து பேரை இழுத்துவந்து கண்டனக் கூட்டம் நடத்தினார்கள். குற்றம் சாட்டப்பட்டவரைக் கூட்டத்தின் முன் நிறுத்தி, தலையில் காகிதத் தொப்பி மாட்டி, கழுத்தில் பலகை தொங்கவிட்டு, குற்றத்தை ஒப்புக்கொள்ளும்வரை அவமானப்படுத்தி அடிப்பதுதான் கண்டனக் கூட்டம். அவர்கள்மேல் மை ஊற்றினார்கள், மண் சுமக்க வைத்தார்கள், ஆணி அடித்த கட்டைகளால் அடித்தார்கள். பியான் ஜோங்யுன் சுருண்டு விழுந்ததும் குப்பை வண்டியில் போட்டார்கள். மருத்துவமனை எதிர்ச்சாரியில்தான் இருந்தது. பல மணி நேரம் கழித்துக் கொண்டுபோனபோது அவர் இறந்துபோயிருந்தார். பெய்ஜிங்கில் செங்காவலர் வன்முறையில் முதலில் பலியான கல்வியாளர் அவர்தான்.

அவருடைய கணவர் ஒரு கேமரா வாங்கி, மனைவியின் உடலைப் படமெடுத்தார். ரத்தம் தோய்ந்த உடைகளையும் பத்திரப்படுத்தினார். உண்மையைச் சொல்வதே ஆபத்தாக இருந்த அந்த நாட்களில் அவர் எடுத்த படங்களால்தான் இன்று நமக்கு இந்தச் சாவைப் பற்றி இவ்வளவு தெரிகிறது. கொன்றவர்கள் யாரும் இதுவரை தண்டிக்கப்படவில்லை.

பதின்மூன்று நாள் கழித்து, தியானன்மென் மேடையில் மாவோவின் கையில் செங்காவலர் பட்டையைக் கட்டிய மாணவி அதே பள்ளியைச் சேர்ந்தவர். அந்தப் படம் நாடு முழுக்கப் போயிற்று.

முத்திரை ஆளைத் தேடி வருகிறது

அந்த ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் பெய்ஜிங்கில் மட்டும் 1,772 பேர் கொல்லப்பட்டார்கள் என்பது அரசின் கணக்கு. சுமார் 85 ஆயிரம் பேர் ‘கறுப்பு வகை’ என்பதற்காக நகரத்திலிருந்து துரத்தப்பட்டார்கள். எழுத்தாளர் லாவோ ஷ ஆகஸ்ட் 23 அன்று அடிபட்டு, மறுநாள் ஒரு ஏரியில் உயிரை விட்டார். பழைய சிந்தனை, பழைய கலாச்சாரம், பழைய வழக்கம், பழைய பழக்கம் என்ற ‘நான்கு பழமை’களை ஒழிக்கப் போனவர்கள் சிலைகளையும் நூல்களையும் கல்லறைகளையும் உடைத்தார்கள். பெய்ஜிங்கில் பதிவான 6,843 பண்பாட்டுச் சின்னங்களில் 4,922 அழிந்தன. கலாச்சாரப் புரட்சி என்றதும் நம் நினைவுக்கு வருவது இந்தச் சிலை உடைப்புதான். அது உண்மைதான் என்றாலும், சிலைகளைவிடப் பல மடங்கு கவனிக்க வேண்டியது தாஷிங் வட்டத்தில் நடந்தது.

பெய்ஜிங்கின் தெற்கு விளிம்பில் இருக்கும் தாஷிங் கிராமங்களில் ஆகஸ்ட் 27 முதல் செப்டம்பர் 1 வரை 325 பேர் கொல்லப்பட்டார்கள். எல்லோரும் நிலப்பிரபு, பணக்கார விவசாயி என்று முத்திரை குத்தப்பட்டவர்களும் அவர்கள் குடும்பத்தினரும். மூத்தவருக்கு வயது எண்பது. இளைய பலி, பிறந்து 38 நாளான குழந்தை. அந்தக் குழந்தை பிறக்கப் பல ஆண்டுகளுக்கு முன்பே குடும்பத்தின் நிலம் பங்கிடப்பட்டுவிட்டது. அதற்கு மிச்சமிருந்தது முத்திரை மட்டும்.

‘அப்பன் வீரன் என்றால் மகன் நல்லவன், அப்பன் பிற்போக்கு என்றால் மகன் நாசக்காரன்’ என்ற பொருளில் ஒரு கோஷத்தை அன்றைய செங்காவலர்கள் கத்திக்கொண்டு திரிந்தார்கள். அதை எதிர்த்து யூ லுவோகே என்ற பெய்ஜிங் இளைஞர், குடும்பப் பின்னணி ஒருவரைத் தீர்மானிக்காது என்று விரிவாக ஒரு கட்டுரை எழுதினார். மார்க்சியத்தின் மொழியிலேயே வாதாடினார். 1967-இன் தொடக்கத்தில் மாணவர் செய்தித்தாள் ஒன்றில் அது வந்ததும் பிரதிகள் கை மாறி நாடெங்கும் போயின. 1970 மார்ச் 5 அன்று அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. வயது 27. சமத்துவத்தின் பெயரால் நடந்த இயக்கத்தில், பிறப்பால் மனிதரைப் பிரிக்காதீர்கள் என்று சொன்னதற்காக ஒருவர் உயிரை இழந்தார். கலாச்சாரப் புரட்சியை மக்கள் எழுச்சி என்று மெச்சுகிறவர்கள் யூ லுவோகேவுக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்பேன்.

நடுவில் நிற்க இடமில்லை

1967 ஜனவரியில் ஷாங்காயில் தொழிலாளர் குழுக்கள் நகர நிர்வாகத்தைக் கைப்பற்றின. மாவோ வாழ்த்தினார். மற்ற நகரங்களிலும் அதே நடந்தது. ஆனால் யார் உண்மையான புரட்சியாளர் என்று தீர்ப்பளிக்க ஆளில்லை. ஒவ்வொரு ஆலையிலும் கல்லூரியிலும் இரண்டு அணிகள். இரண்டும் மாவோவின் பெயரைச் சொல்லின. தோற்ற அணி ‘எதிர்ப்புரட்சி’ ஆகிவிடும், அதன் உறுப்பினர்களின் தனிக்கோப்பில் அது ஏறும், பிள்ளைகளுக்கும் அது தொடரும். ஆகவே விட்டுக்கொடுக்க யாராலும் முடியவில்லை. கல்லும் ஈட்டியும் போய்த் துப்பாக்கியும் பீரங்கியும் வந்தன. இவர்கள் ஏன் இப்படி அடித்துக்கொண்டார்கள் என்ற கேள்விக்கு வெறி என்று பதில் சொல்வது சுலபம். தோற்றால் என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது என்பதே சரியான பதில்.

உச்சியில் இருந்தவருக்கும் விதிவிலக்கு இல்லை. லியூ ஷாவோச்சியின் மனைவி வாங் குவாங்மெயை 1967 ஏப்ரலில் சிங்குவா பல்கலைக்கழகத்துக்கு வரவழைத்து, வெளிநாட்டுப் பயணத்தில் நகை அணிந்தார் என்பதற்காகப் பிங்பாங் பந்துகளைக் கோத்து மாலையாகப் போட்டு நிறுத்தினார்கள். ஆகஸ்ட்டில் லியூவையே அவர் வீட்டு வளாகத்தில் கண்டனக் கூட்டத்தில் நிறுத்தினார்கள். அவர் அரசியலமைப்புச் சட்டப் புத்தகத்தைக் கையில் எடுத்துக் காட்டி, நான் இந்த நாட்டின் தலைவர் என்று வாதாடினார். பயனில்லை. 1968 அக்டோபரில் ‘துரோகி’ என்று கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். 1969 நவம்பர் 12 அன்று கைஃபெங் நகரில் காவலில் இறந்தார். வேறொரு பெயரில் எரித்தார்கள்.

இதுவரை பார்த்தது: எதிரி யார் என்று சொல்லப்படவில்லை, தடுக்க ஆளில்லை, முத்திரை பரம்பரையாக வருகிறது, ஒதுங்கி நிற்பதும் ஆபத்து. இந்த நிலையில் ஒருவர் தன்னைக் காத்துக்கொள்ள இருந்த ஒரே வழி, இன்னொருவரைக் குற்றம் சாட்டுவது.

ராணுவம் வந்த பிறகு

பெரும்பாலானவர்கள் கதையை இங்கே முடித்துவிடுகிறார்கள்: பிள்ளைகள் வெறியாடினார்கள், ராணுவம் வந்து அடக்கியது, அமைதி திரும்பியது. மிகப் பெரிய தவறு இதுதான்.

1968 ஜூலை 27 அன்று மாவோ சுமார் முப்பதாயிரம் தொழிலாளர்களைச் சிங்குவா பல்கலைக்கழகத்துக்குள் அனுப்பினார், மாணவர் சண்டையை நிறுத்த. ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். மறுநாள் அதிகாலை மாணவர் தலைவர்களைக் கூப்பிட்டு, இதன் பின்னால் இருக்கும் கறுப்புக் கரம் நான்தான் என்று அவரே சொன்னார். சில நாட்களில் பாகிஸ்தான் வெளியுறவு அமைச்சர் ஒரு கூடை மாம்பழம் கொண்டுவந்து கொடுத்தார். மாவோ அவற்றைத் தான் சாப்பிடாமல் அந்தத் தொழிலாளர்களுக்கு அனுப்பினார். வட சீனாவில் பலர் மாம்பழத்தைக் கண்ணால் பார்த்ததே இல்லை. தலைவர் கொடுத்தது என்பதால் யாரும் சாப்பிடவில்லை. மருந்தில் ஊறவைத்துக் காப்பாற்றினார்கள், மெழுகில் நகல் செய்து ஊர்வலம் விட்டார்கள். ஓர் ஆலையில் பழம் அழுகத் தொடங்கியதும் பெரிய அண்டாவில் வேகவைத்து, ஆளுக்கொரு கரண்டி தண்ணீர் குடித்தார்கள். இது வேடிக்கைக்காகச் சொல்வது அல்ல. அந்த மாம்பழத்துக்கு ஓர் அரசியல் பொருள் இருந்தது: மாணவர்களின் காலம் முடிந்தது, இனி தொழிலாளரும் ராணுவமும். அதன்பின் சுமார் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட நகர இளைஞர்கள் கிராமங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். இன்றைய அதிபர் ஷி ஜின்பிங் அவர்களில் ஒருவர். ஷான்ஷி மாகாணத்தில் ஒரு கிராமத்தில் ஏழு ஆண்டுகள் இருந்தார்.

மாகாணங்களில் ராணுவ அதிகாரிகள், கட்சி நிர்வாகிகள், மக்கள் பிரதிநிதிகள் சேர்ந்த ‘புரட்சிக் குழுக்கள்’ ஆட்சிக்கு வந்தன. அவை முதலில் எடுத்த வேலை ‘வர்க்க அணிகளைத் தூய்மைப்படுத்துதல்’. அலுவலகம் அலுவலகமாக, கிராமம் கிராமமாகத் தனிக்கோப்புகளைப் பிரித்து, பழைய உளவாளி, பழைய துரோகி என்று தேடினார்கள். ஆட்களை அடைத்துவைத்து வாக்குமூலம் வாங்கினார்கள். அடி தாங்காமல் சொன்ன ஒவ்வொரு பெயரும் அடுத்த கைதாயிற்று. உள் மங்கோலியாவில், இருந்திராத ஓர் இரகசியக் கட்சியின் உறுப்பினர்கள் என்று சொல்லி 3,46,000 பேரைத் துன்புறுத்தினார்கள். 16,222 பேர் இறந்தார்கள். இவை 1980-இல் சீன அரசே குற்றப்பத்திரிகையில் கொடுத்த எண்கள்.

மொத்தம் எத்தனை பேர் இறந்தார்கள்? ஆய்வாளர்களின் மதிப்பீடுகள் பெரும்பாலும் ஐந்து லட்சத்துக்கும் இருபது லட்சத்துக்கும் இடையில் இருக்கின்றன. சமூகவியலாளர் ஆண்ட்ரூ வால்டர், 2,000-க்கும் மேற்பட்ட வட்டங்களின் வரலாற்றுப் பதிவுகளை ஆராய்ந்து, 11 லட்சம் முதல் 16 லட்சம் வரை என்கிறார். அவர் கண்ட இன்னொரு முடிவு இந்த எண்ணைவிட முக்கியமானது: சாவுகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்குக்குக் காரணம் அரசு அதிகாரத்தில் இருந்தவர்களின் நடவடிக்கைகள். செங்காவலர்கள் கொன்றதைவிட, அவர்களை அடக்க வந்த நிர்வாகம் கொன்றது பல மடங்கு. பள்ளிப் பிள்ளைகளின் படங்கள் நம் கண்ணில் பட்டுக்கொண்டே இருப்பதால், மூடிய அறையில் கோப்போடு உட்கார்ந்திருந்தவர் நம் கண்ணில் படுவதே இல்லை.

அதிகாரப் போட்டியா, கொள்கையா?

இந்தக் கேள்வியை எப்போதும் ‘இதுவா அதுவா’ என்றே கேட்கிறார்கள். லியூவை வீழ்த்துவது மட்டும் நோக்கம் என்றால் 1966 ஆகஸ்டிலேயே அது நடந்துவிட்டது. அந்த மாதம் நடந்த கட்சி மத்தியக் குழுக் கூட்டத்தில் அவர் தலைவர்கள் வரிசையில் இரண்டாம் இடத்திலிருந்து எட்டாம் இடத்துக்கு இறக்கப்பட்டார். பத்து ஆண்டு தேவையில்லை. கொள்கை மட்டும் என்றால், மாவோவின் தவறைச் சுட்டிக்காட்டியவர்கள் மட்டும் ஒவ்வொருவராகத் ‘திரிபுவாதி’ ஆனது எப்படி? என் புரிதலில் மாவோவுக்கு இவை இரண்டும் வேறுவேறாகத் தெரியவில்லை. புரட்சி என்பதும் தன் சிந்தனை என்பதும் அவருக்கு ஒன்றே. தன்னை மறுப்பவர் புரட்சியை மறுக்கிறார் என்று அவர் உண்மையாகவே நம்பினார். அந்த நம்பிக்கையைத் தடுக்கும் நீதிமன்றமோ, பத்திரிகையோ, கட்சி விதியோ சீனாவில் இல்லை. சட்டப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டிய நாட்டின் தலைவருக்கு நேர்ந்ததே இதற்குச் சாட்சி. ஆனால் அந்தச் சட்டத்தை மற்றவர்களுக்கு மறுத்த ஆண்டுகளில் லியூவும் ஆட்சியில் இருந்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எப்படி முடிந்தது

மாவோவின் வாரிசு என்று அறிவிக்கப்பட்ட லின் பியாவோ 1971 செப்டம்பரில் தப்பியோடும்போது மங்கோலியாவில் விமானம் விழுந்து இறந்தார். தலைவரின் மிக நெருங்கிய தோழரே துரோகி என்று அறிவிக்கப்பட்டபோது, அதுவரை நம்பியிருந்தவர்களில் பலருக்கு நம்பிக்கை விட்டுப்போயிற்று. மாவோ 1976 செப்டம்பர் 9-இல் காலமானார். அக்டோபர் 6-இல் ஜியாங் சிங், யாவ் வென்யுவான் உள்ளிட்ட நான்கு பேர் கைதானார்கள். 1977 டிசம்பரில், பதினோரு ஆண்டு நின்றுபோயிருந்த கல்லூரி நுழைவுத் தேர்வு மறுபடி நடந்தது. 57 லட்சம் பேர் எழுதினார்கள். இடம் கிடைத்தது மூன்று லட்சத்துக்கும் குறைவானவர்களுக்கு.

1981 ஜூனில் கட்சி தன் தீர்மானத்தில், கலாச்சாரப் புரட்சியைத் தொடங்கி வழிநடத்தியவர் மாவோ என்றும், ஆட்சிக்கு வந்ததிலிருந்து நாடு கண்ட மிகக் கடுமையான பின்னடைவு அது என்றும் எழுதியது. இது வெளிநாட்டுப் பிரச்சாரம் இல்லை, சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் சொந்த வார்த்தை. ஆனால் அதே தீர்மானம் அவருடைய சாதனைகளே முதன்மை, தவறுகள் இரண்டாம்பட்சம் என்றது. குற்றத்தின் பெரும்பகுதி அந்த நான்கு பேர்மீதும் லின் பியாவோமீதும் போடப்பட்டது. கிராமங்களில் கொன்றவர்களில் மிகச் சிலரே சிறை சென்றார்கள்.

பழிசுமத்தப்பட்ட நிர்வாகிகளில் சுமார் முப்பது லட்சம் பேரின் வழக்குகள் மறு ஆய்வு செய்யப்பட்டு அவர்கள் குற்றமற்றவர்கள் என்று அறிவிக்கப்பட்டார்கள். லியூ ஷாவோச்சிக்கு அது 1980 பிப்ரவரியில், இறந்து பத்து ஆண்டுக்குப் பிறகு வந்தது. முத்திரை முறைக்கு முடிவு அதற்கு ஓராண்டு முன்பே வந்திருந்தது. 1979 ஜனவரியில் கட்சித் தலைமை ஓர் உத்தரவு போட்டது: ஒழுங்காக உழைத்துவந்த நிலப்பிரபுக்கள், பணக்கார விவசாயிகளின் முத்திரையை நீக்கலாம், அவர்கள் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் இனிச் சாதாரணக் கம்யூன் உறுப்பினர்கள் என்றே பதிய வேண்டும், பள்ளிச் சேர்க்கையிலும் வேலையிலும் கட்சியில் சேருவதிலும் அவர்களை ஒதுக்கக் கூடாது.